கட்சியை கலைச்சா கொடிக்கம்பம் யாருக்கு? இணைப்பு பேச்சால் தவிக்கும் கிளைச் செயலாளர்கள்

கரியாலூர்:
ஒரு கட்சியை இன்னொரு கட்சியில் இணைப்பது சென்னையில் ஒரு மேடை, ஒரு சால்வை, நாலு போட்டோவோடு முடிந்துவிடும். கல்வராயன்மலையில் அப்படி முடியாது. கரியாலூர், வெள்ளிமலை பக்கம் சின்னக் கட்சியின் கிளைச் செயலாளர் என்பவர் சாதிச் சான்றிதழ், பட்டா, ரோடு என்று மனுவை தூக்கிக்கொண்டு அதிகாரிகளை பார்க்கப் போகிறவர். கட்சி போனால் லெட்டர்பேடும் போச்சு. சேருகிற இடத்தில் ஏற்கனவே ஒரு கிளைச் செயலாளர் உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்து நாற்காலி கொடுப்பாரா என்ன?

இந்த தவிப்பை அதிகம் பார்த்த கட்சி ம.தி.மு.க. வாரிசு அரசியலை எதிர்த்து தி.மு.க.வில் இருந்து பிரிந்து 1994 மே மாதம் வைகோ தொடங்கிய கட்சி. 2023 ஏப்ரலில் அதன் அவைத்தலைவர் திருப்பூர் துரைசாமியே, தாய்க்கழகத்தோடு இணைத்துவிடலாம் என்று வைகோவுக்கு கடிதம் எழுத, பரபரப்பு பற்றிக்கொண்டது. வைகோ மகன் துரை வைகோ பொறுப்புக்கு வந்ததும் அப்போதைய புகைச்சல்தான். வைகோ மறுத்தார். துரைசாமி கட்சியை விட்டே போனார்.

துரைசாமி சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. 2021 சட்டசபை தேர்தலில் ம.தி.மு.க. 6 தொகுதியிலும் உதயசூரியனில் நின்றுதான் 4 இடத்தில் ஜெயித்தது. அந்த சின்னத்தில் ஜெயித்தவர் சட்டசபை கணக்கில் தி.மு.க. எம்.எல்.ஏ.தான். கொறடா உத்தரவும் தி.மு.க.வுடையதுதான். பாதி இணைப்பு அங்கேயே முடிந்துவிட்டதே! (கல்வராயன்மலை அடங்கிய சங்கராபுரத்தில் 2016, 2021 இரண்டு முறையும் ஜெயித்த தி.மு.க.காரரின் பெயரே உதயசூரியன். சின்னத்துக்கு தனி விளம்பரம் தேவைப்பட்டிருக்காது.)

ஆனால் 2024 எம்.பி. தேர்தலில் துரை வைகோ சூரியனில் நிற்க மறுத்தார். திருச்சியில் தீப்பெட்டியில் நின்று 3 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கூட்டணி பலம்தான் அது என்றாலும், இணைப்பு பேச்சுக்கு அதைவிட சூடான பதில் இல்லை. அதோடு சண்டை ஓய்ந்ததா? இல்லை. 2025ல் துணைப் பொதுச்செயலாளர் மல்லை சத்யா நீக்கப்பட்டு தனிக்கட்சி கண்டார்.

இணைந்தவர்கள் கதை ஒரே மாதிரி இல்லை. த.மா.கா. 2002ல் காங்கிரசில் கரைந்தது, 2014ல் வாசன் மறுபடி வெளியே கொண்டு வந்தார். சரத்குமார் 2007ல் தொடங்கிய கட்சியை 2024 மார்ச்சில் பா.ஜ.க.வில் சேர்த்தார். அந்த தேர்தலில் விருதுநகரில் நின்ற ராதிகா தோற்றார்.

நம்ம மாவட்டத்து ரிஷிவந்தியத்தில் 2011ல் ஜெயித்து எதிர்க்கட்சி தலைவரானவர் விஜயகாந்த். அவர் கட்சியில் இருந்து 2016ல் பிரிந்த சந்திரகுமார் மக்கள் தே.மு.தி.க. கண்டார். தேர்தலில் தோற்றதும் அதே வருஷம் தி.மு.க.வில் ஐக்கியம். ஈரோடு கிழக்கு எம்.எல்.ஏ. ஆக 2025 இடைத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தலைவருக்கே 9 வருஷம். மலையில் முரசு கொடி கட்டினவனுக்கு?