பெயர் நீங்கிய பிரார்த்தனை

'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாடலை நம்மில் பலர் அறிந்தது போனி எம் குழுவின் 1978ஆம் ஆண்டுப் பதிவின் வழியாகத்தான். ஒலிநாடாக் காலத்தில் அது ஒரு நடனப் பாடலாகவே நம்மை வந்தடைந்தது. அதன் மூலத்தை வெகுகாலம் கழித்தே கேட்டேன். அதன்பின் பழைய உற்சாகத்தோடு அதைக் கேட்க முடியவில்லை.

மூலத்தை 1970இல் பதிவுசெய்தவர்கள் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழுவினர். எழுதியவர்கள் பிரென்ட் டோவும் டிரெவர் மெக்நாட்டனும். பைபிளின் 137ஆம் சங்கீதத்திலிருந்தும் 19ஆம் சங்கீதத்திலிருந்தும் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட யூதர்களின் புலம்பல் 137ஆம் சங்கீதம். சிறைபிடித்தவர்கள் தங்கள் களிப்புக்காக ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று கைதிகள் மறுக்கிறார்கள். பாட மறுப்பதைப் பற்றிய பாட்டு அது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினருக்கு இதற்கு உரை தேவைப்படவில்லை. ரஸ்தஃபாரி நம்பிக்கையில் பாபிலோன் என்பது ஒடுக்கும் அதிகாரம்; சீயோன் என்பது எத்தியோப்பியா. 1930இல் அங்கே முடிசூடிய ஹெய்லி செலாசியே அவர்களுக்கு இறைவடிவம். ஆகவே மெலோடியன்ஸ் பாட்டில் கர்த்தர் இருந்த இடத்தில் 'கிங் ஆல்ஃபா' வந்தார். 'ஃபார்-ஐ' என்ற விளி வந்தது. இரண்டுமே அம்மன்னரைக் குறிப்பவை.

இப்பெயர்களின் பொருட்டுப் பாட்டு ஜமைக்காவில் முதலில் தடைசெய்யப்பட்டதாக டோவ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பைபிள் சொற்களை எப்படித் தடைசெய்யலாம் என்று தயாரிப்பாளர் லெஸ்லி காங் வாதிட்ட பிறகே தடை நீங்கியதாம். தேவாலயத்தில் யாரையும் உறுத்தாத அதே சங்கீதம், பெயர் மாறியதும் அதிகாரத்தை உறுத்தியிருக்கிறது. பாட்டின் உயிர் எங்கிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எட்டாண்டுகள் கழித்து ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் நீக்கியது இப்பெயர்களைத்தான். கிங் ஆல்ஃபா மீண்டும் கர்த்தரானார். 'ஃபார்-ஐ' இருந்த இடத்தில் அன்றைய இரவைச் சுட்டும் சாதாரணச் சொற்கள் வந்தமர்ந்தன. பிரிட்டனில் பாட்டு 5 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. களிப்புக்காகப் பாட மறுத்தவர்களின் புலம்பல் நடன அரங்குகளின் களிப்பானது. இந்த முரணை அன்று யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

கடன்வாங்கியதே பிழை என்று நான் சொல்லவில்லை. மெலோடியன்ஸும் கடன்வாங்கியவர்களே, சங்கீதம் யூதர்களுடையது. பழிவாங்கும் வெறியில் பகைவரின் குழந்தைகளைக்கூட விட்டுவைக்காத அதன் கொடிய இறுதிப் பகுதியை இரு குழுக்களுமே பாடவில்லை. ஆனால் மெலோடியன்ஸ் ஒரு காயத்தின் மேல் தங்கள் காயத்தை வைத்துப் பாடினார்கள். பிறருடைய பிரார்த்தனைக்குள் தங்கள் கடவுளின் பெயரைச் சொல்லும் துணிவு அவர்களுக்கு இருந்தது. ஃபாரியன் செய்தது எல்லோருக்கும் பொருந்தும்படி விலாசத்தை அழித்தது. 'உலக இசை' என்று இன்று விற்கப்படுபவற்றில் பாதி இப்படி விலாசம் அழிக்கப்பட்டவைதாமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

ஓர் எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். போனி எம் பதிவில் முன்னின்று பாடுபவர் லிஸ் மிட்செல். ஜமைக்காவில் பிறந்து சிறுவயதில் லண்டனுக்குப் பெயர்ந்தவர். மேடையில் ஆடிய பாபி ஃபாரெலின் ஆண்குரலாக ஒலிநாடாவில் நாம் கேட்டது ஃபாரியனுடையது. மிட்செலின் குரலோ அவருடையதே. பெயர்கள் நீங்கிய பின்னும் அக்குரலில் ஏதோ எஞ்சியிருக்கிறது. அது இல்லாவிட்டால் நாம் மூலத்தைத் தேடியே போயிருக்க மாட்டோம்.

தேடிப் போனவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மெட்டு ஒன்றுதான். ஒன்றில் யாரோ யாரையோ பெயர் சொல்லி அழைக்கிறார்கள்.