பூஞ்சணமா, பதுக்கலா?

1942ல் வங்கத்தில் நெற்பயிரைச் செம்புள்ளி நோய் தாக்கியது. 1943 பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் மக்கள் மாண்டனர். விவசாயக் கூலிகளும் மீனவர்களுமே அதிகம் வதைபட்டனர்.

பழியைப் பூஞ்சணத்தின் தலையில் மட்டும் போட முடியுமா? பிரிட்டிஷ் சர்க்கார் யுத்தத்தின் பேரால் படகுகளைப் பறித்தது. பதுக்கல்காரர்கள் கொழுத்தனர். அரிசி விலை பறந்தது, கூலியோ தவழ்ந்தது.

ஆராய்ச்சி அவசியமே. பஞ்சத்துக்குப் பின், 1946ல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. இந்நோய் விதை மூலம் பரவும். சத்தற்ற நிலத்தில் கடுமையாகும். சுத்தமான விதையும் மண்வளமும் இதைத் தடுக்கும்.

அந்த விதை குத்தகை விவசாயிக்கும், ரேஷன் அரிசி ஆலைத் தொழிலாளிக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். விஞ்ஞானம் கதிரைக் காக்கும். கதிர் விளைவித்தவன் வயிற்றைக் காப்பது நமது ஒற்றுமையே!