வேண்டாத குறுஞ்செய்திகளும் நமது சம்மதமும்

இன்று நமது நாட்டில் செல்போன் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கூலி வேலை செய்கிற தோழரும், கீரைக்கூடை சுமக்கிற அம்மாளும், பென்ஷன் பணத்தில் காலந்தள்ளுகிற முதியவரும் அதை மடியில் வைத்துக்கொண்டே நடமாடுகிறார்கள். விஞ்ஞானத்தின் பயன் பணக்காரனுக்கும் படித்தவனுக்கும் மாத்திரம் என்றில்லாமல் எல்லோருடைய கைக்கும் வந்து சேர்ந்திருப்பது பற்றி நமக்கு மகிழ்ச்சியே ஒழிய வருத்தம் சிறிதுமில்லை. ஆனால் அந்தக் கருவி ஒரு நாளைக்கு எத்தனை தடவை மணியடிக்கின்றது, அவற்றில் நமக்கு வேண்டிய சேதிக்காக அடித்தது எத்தனை என்று கணக்குப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கும். "கடன் தருகிறோம், வாங்கிக்கொள்" என்று ஒன்று. "மனை இருக்கின்றது, முந்திக்கொள்" என்று ஒன்று. "உமக்குப் பரிசு விழுந்திருக்கின்றது, இந்த இடத்தைத் தொடு" என்று மற்றொன்று. இவைகளை யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவனிடம் இவை ஏன் வருகின்றன என்பதே நாம் இன்று யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

1992-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 3-ந் தேதி இங்கிலாந்தில் ஓர் இஞ்சினீயர், ஒரு கம்பெனி அதிகாரியின் போனுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். உலகத்தில் முதல் குறுஞ்செய்தி அதுதான். ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு 160 எழுத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளப் பிறந்த அந்த வசதி, இன்று முகந்தெரியாத ஒருவன் இருந்த இடத்திலிருந்தே லக்ஷக்கணக்கான பேர் காதில் ஒரே சமயத்தில் அடிக்கும் தண்டோராவாக முடிந்திருக்கின்றது.

"வேண்டாமென்றால் அழித்துவிட்டுப் போவதுதானே, இதற்கொரு தலையங்கமா?" என்று சிலர் கேட்கலாம். அழிக்கத் தெரிந்தவர்களுக்கு இது தொல்லை மாத்திரந்தான். தெரியாதவர்களுக்கோ இது கொள்ளையாகும். 2022-ஆம் வருஷ வாக்கில் நாடு முழுவதும் பரவிய ஒரு சேதியை நமது வாசகர்களில் பலர் கண்டிருக்கலாம். "போன மாதத்து மின்சாரப் பணம் கட்டவில்லை; இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியைக் கூப்பிடவும்" என்பதே அது. பயந்து கூப்பிட்டவரிடம் அந்த "அதிகாரி" மரியாதையாகப் பேசுவான். பாக்கியைச் சரிசெய்வதற்கு ஒரு செயலியைப் போனில் இறக்கிக்கொள்ளச் சொல்லுவான். அது இறங்கியதும் இவர் போனில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரியும். பத்து ரூபாய் கட்டச் சொல்லி, பாங்கிக் கணக்கில் உள்ளதையெல்லாம் துடைத்துக்கொண்டு போவான். முதலில் ஒரு கெடுதி வரப்போகிறதென்று பயமுறுத்துவது, பிறகு அதற்குப் பரிகாரம் தன்னிடம் இருக்கிறதென்று பணம் பறிப்பது என்னும் இந்தத் தந்திரம் நமது மக்களுக்குப் புதிதல்ல. பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தது இப்போது போனில் நடக்கின்றது. பயம் புகுந்த இடத்தில் பகுத்தறிவு வெளியேறிவிடும் என்பது இரண்டு பேருக்கும் நன்றாய்த் தெரியும்.

வியாபார சேதிக்கும் மோசக்காரன் சேதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மோசக்காரனுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பதே அந்தக் கும்பல்தான். நாளெல்லாம் அந்நியர் சேதி வருவது வழக்கமாய்ப் போய்விட்ட வீட்டில், திருடன் சேதியை மாத்திரம் எப்படிப் பிரித்துக் காண்பது?

நிற்க, சர்க்கார் இதற்கு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நமது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007-ல் ஒரு விதி செய்தது. 2010-ல் மற்றொன்று செய்து அடுத்த வருஷம் அமுலுக்குக் கொண்டுவந்தது. 2018-ல் இன்னொன்று செய்தது. 2025 பிப்ரவரியில் அதைத் திருத்தவும் செய்தது. விதிகளுக்குக் குறைவில்லை. ஆனால் இவ்வளவு விதிக்கும் அடியில் இருக்கிற கொள்கை என்ன? பதிவு செய்துகொண்ட வியாபாரி உமக்கு விளம்பரம் அனுப்பலாம். வேண்டாமென்றால் நீர்தான் போய் "வேண்டாம்" என்று எழுதி வைக்க வேண்டும் என்பதே. இது எப்படியிருக்கிறதென்றால், நம் வீட்டுத் திண்ணையில் வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம், ஏறக்கூடாதென்றால் வீட்டுக்காரன் தாலூகா கச்சேரிக்குப் போய் மனுப் போட வேண்டும் என்பது போலிருக்கிறது. வேண்டாமென்று எழுதி வைத்த பிறகாவது விட்டார்களா? முன்பு கொடுத்த சம்மதத்தை ஒருவர் ரத்து செய்துவிட்டால், 90 நாள் கழித்து அவரிடம் மறுபடியும் சம்மதம் கேட்க அனுப்புகிறவனுக்கு இடமிருக்கிறது!

ஐரோப்பிய நாடுகளின் கூட்டு சர்க்கார் 2002-ஆம் வருஷத்திலேயே இதை வேறு விதமாய்த் தீர்மானித்தது. தன்னிடம் ஏற்கனவே சாமான் வாங்கினவனுக்கு அதே மாதிரிச் சரக்கைப் பற்றி எழுதுவது போன்ற சில விலக்கு நீங்கலாக, முன்னாடியே சம்மதம் வாங்கினால்தான் விளம்பரச் சேதி அனுப்பலாம் என்று அங்கு விதித்தார்கள். அதனால் அங்கே வியாபாரம் படுத்துவிட்டதா? சரக்கு உள்ளவன் தன் கடையிலிருந்து கூவட்டும். நமது சமையலறைக்குள் வந்து கூவ அவனுக்கு என்ன உரிமை?

சட்டத்தை அமுல் நடத்துகிற யோக்கியதையையும் பார்க்கவேண்டும். 2021 மார்ச் 8-ந் தேதி, முன்கூட்டிப் பதிவு செய்யாத சேதிகளைத் தடுக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அன்றே பாங்கிகள் முதலியவை அனுப்பும் ஒருமுறைக் கடவுஎண்கள்கூட வராமல் ஜனங்கள் திண்டாடினார்கள். காரணம், சேதி அனுப்புகிற பெரிய ஸ்தாபனங்கள் தங்கள் சேதியைப் பதிவு செய்யாமல் இருந்ததுதான். மறுநாளே ஆணையம் அந்தத் தடுப்பை ஒரு வாரத்திற்கு நிறுத்தி வைத்தது. கடமையைச் செய்யாதவன் ஸ்தாபனத்தான், கஷ்டப்பட்டவன் பொதுஜனம், சலுகை கிடைத்ததும் ஸ்தாபனத்தானுக்கே.

இது ஒருபுறமிருக்க, நம்மவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. "இதைப் 11 பேருக்கு அனுப்பு, நல்ல சேதி வரும், அனுப்பாவிட்டால் கெடுதி வரும்" என்ற சேதியை நமக்கு அனுப்புகிறவன் கம்பெனிக்காரனா? நமது மாமனும் மைத்துனனும் கூடப் படித்தவனுமே அல்லவா? தபால் கார்டு காலத்துப் பைத்தியம் கார்டு செலவில்லாமல் இன்று வளருகின்றது. மற்றவன் சம்மதமில்லாமல் அவன் வாசலில் குப்பை கொட்டக்கூடாது என்று பேசுகிற நாம், முதலில் நம் கையை நிறுத்திக்கொள்ள வேண்டாமா?

சட்டம் திருந்தும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 1909 என்ற எண்ணுக்குப் பேசியோ செய்தி அனுப்பியோ விளம்பரங்களையெல்லாம் தடுத்துவிடலாம். அதற்குப் பிறகும் வந்தால், வந்த 7 நாளுக்குள் அதே எண்ணுக்குப் புகார் செய்யலாம். பதிவில்லாத எண்ணிலிருந்து வந்த சேதியானால், முன்னாடி "வேண்டாம்" என்று பதிந்திராதவரும் புகார் செய்யலாம். அப்படிப்பட்ட ஒருவன் பேரில் 10 நாளில் 5 புகார் சேர்ந்தால் அவன்மேல் நடவடிக்கை எடுக்க இடமிருக்கிறது. ஆதலால் ஒருவர் புகார் வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். அனுப்புகிறவர் பெயர்க்குறியின் கடைசியில் ஆங்கில எழுத்து "பி" இருந்தால் விளம்பரம். "எஸ்" என்றால் சேவை. "டி" என்றால் பணப் பரிமாற்றம். "ஜி" என்றால் சர்க்கார். பெயர்க்குறியே இல்லாமல் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து பாங்கியென்றும் மின்சார வாரியமென்றும் வருவதை நம்பாதீர்கள். அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். கடவுஎண்ணை எவனுக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் பேசுங்கள். ஏமாந்தவனுக்கு அவமானமில்லை, ஏமாற்றினவனுக்கே அவமானம். கடையில் பில் போடும்போது போன் எண் கேட்டால் "எதற்கு?" என்று கேளுங்கள். எண்ணைக் கொடுக்கும்படி வாடிக்கைக்காரரை வற்புறுத்தக் கூடாதென்று மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகாவே 2023-ல் கடைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கின்றது.

இவ்வளவும் செய்தாலும் இது காவல்தானே ஒழிய உரிமையாகாது. ஒருவனுடைய நேரமும் நிம்மதியும் அவனுடைய சொத்து. அதைத் தொட வருகிறவன்தான் முதலில் அனுமதி கேட்க வேண்டும். சொத்துக்காரன் மனுக்கொடுத்துத் தன் சொத்தைக் காத்துக்கொள்வது மானமுள்ள ஏற்பாடல்ல. ஆகவே, "சம்மதமில்லாமல் விளம்பரமில்லை" என்ற ஒரே வரியைச் சட்டத்தின் தலையில் வைக்கும்படி சர்க்காரைக் கேட்டுக்கொள்ளுகிறோம். அந்த வரி வரும்வரை, படிக்கத் தெரிந்த ஒவ்வொரு தோழரும் தம் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் உள்ள ஒரு முதியவரின் போனையாவது வாங்கிப் பார்த்து, 1909-ல் பதிந்து, மேலே சொன்னவற்றை நிதானமாய் எடுத்துச் சொல்ல வேண்டுமென்றும் விரும்புகிறோம்.