புரொஜெக்டர் வாங்குமுன் வீட்டை அளந்து பாருங்கள்

 

"வீட்டிலேயே தியேட்டர் போலப் பெரிதாகப் படம் பார்க்கலாம், கேமும் விளையாடலாம், ஒரு புரொஜெக்டர் வாங்குவோம்" என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள், எதைப் பார்த்து வாங்குவது என்று முல்லைத்தீவுத் தாய்மார் சிலர் கேட்டிருக்கிறார்கள். இது மௌலவியிடம் கேட்கும் கேள்வியா என்று யாரும் எண்ண வேண்டாம். பாடுபட்ட பணம் கைமாறும் இடத்தில் ஏமாறாமல் இருப்பதும் நாம் கற்க வேண்டிய ஒன்றுதான். எதைப் பார்ப்பது, எதைத் தவிர்ப்பது என்பது தனிப் பேச்சு. இம்மாதம் கருவியைப் பற்றிப் பேசுவோம்.

முதல் தேவை இருட்டு

பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம் 11ஆம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாழிர்' என்ற ஒளியியல் நூலை எழுதினார். விளக்கின் ஒளியைச் சிறு துவாரத்தின் வழியே இருட்டறைக்குள் விட்டு, அது எதிர்ச்சுவரில் எங்கே விழுகிறது என்று பார்த்து, ஒளியின் போக்கை அவர் ஆராய்ந்தார். ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அந்த அடிப்படை மாறவில்லை. சுவரில் ஒளியால் படம் காட்ட வேண்டுமானால் அறை இருட்டாக இருக்க வேண்டும்.

காரணம் எளிது. புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை அனுப்ப முடியாது. ஒளி விழாத இடந்தான் அதன் கறுப்பு. ஜன்னல் வெளிச்சம் சுவரில் பட்டால் அந்தக் கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும். படத்தில் இரவுக் காட்சி வந்தால் ஆள் முகமே தெரியாது. ஆகவே கடைக்குப் போகுமுன் உங்கள் ஹோலைப் பகலில் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். கூரை இடுக்கிலும் ஜன்னலிலும் வெளிச்சம் வந்தால், அந்தக் கருவி உங்களுக்கு மஃரிபுக்குப் பின்னர் மட்டுமே பயன்படும்.

அளவையில் ஏமாறாதீர்கள்

ஒளியை அளக்கும் படிக்குப் பெயர் லூமன். மலிவான பெட்டிகள் பலவற்றில் 9,000 என்றும் 12,000 என்றும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் விளக்கின் கணக்கு. சுவருக்கு வந்து சேரும் ஒளி அதில் சில நூறுதான் இருக்கும். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் நாம் ஓதுவதுதானே! 'ஏ.என்.எஸ்.ஐ. லூமன்' அல்லது 'ஐ.எஸ்.ஓ. லூமன்' எத்தனை என்று கேளுங்கள். அது எழுதப்படாத பெட்டியின் எண்ணை நம்ப வேண்டாம்.

எத்தனை வேண்டும்? மூலைக்கு மூலை 100 அங்குலமுள்ள படம் 7¼ அடி அகலமும் 4 அடிக்குச் சற்றுக் கூடிய உயரமும் கொண்டது. பரப்பு ஏறத்தாழ 30 சதுர அடி. நல்ல சினிமா மண்டபத்தில் சதுர அடிக்குச் சுமார் 16 லூமன் என்பது கணக்கு. ஆகவே முழு இருட்டில் 500 உண்மையான லூமன் போதும். பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தாலே 2,000க்கு மேல் தேவைப்படும். படத்தின் நீள அகலத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் கால்வாசியாகக் குறைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது தூரம். சாதாரண புரொஜெக்டர்கள் பலவற்றில் படத்தின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். 100 அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 11 அடி. 80 அங்குலத்துக்கு எட்டே முக்கால் அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹோலில் 80 அங்குலமே வசதி.

படத்தின் தெளிவிலும் ஒரு சூது உண்டு. '1080 ஏற்கும்' என்று எழுதியிருந்தால், அந்தப் படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்பதுதான் பொருள். கருவியின் சொந்தத் தெளிவு 1920க்கு 1080 தானா என்று கேட்டு வாங்குங்கள்.

கேம் விளையாடுவோருக்கு

பிள்ளை பொத்தானை அழுத்தியதற்கும் சுவரில் அது தெரிவதற்கும் இடையே ஒரு தாமதம் உண்டு. அதை மில்லி செக்கனில் அளப்பார்கள். 100ஐத் தாண்டினால் பந்து போன பிறகுதான் மட்டை வீசும்! 50க்குள் இருந்தால் சாதாரண விளையாட்டுக்குப் போதும். வேகமான விளையாட்டுக்கு 20 அளவில் வேண்டும். 'கேம் மோட்' இருக்கிறதா என்று பாருங்கள். போனிலிருந்து கம்பியின்றிப் படத்தை அனுப்பினால் தாமதம் இன்னும் கூடும். எச்.டி.எம்.ஐ. கம்பியே நல்லது.

டி.எல்.பி. வகைக் கருவிகள் சிலவற்றில் சிலர் கண்ணுக்கு வானவில் போல நிறங்கள் மின்னித் தெரியும், தலையும் வலிக்கும். எனவே பார்க்கப் போகிறவர்களையும் கடைக்கு அழைத்துப்போய்க் கால்மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்த்த பின் பணம் கொடுங்கள். சிறு பிள்ளைகள் அதன் ஒளியை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நம் ஊரின் காற்றும் கரண்டும்

பழைய வகை விளக்குள்ள புரொஜெக்டரில் விளக்கின் ஆயுள் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ இரண்டே முக்கால் முதல் நாலரை ஆண்டு வரும். பிறகு புது விளக்குத் தேடிக் கொழும்புக்கு அலைய வேண்டும். எல்.இ.டி., லேசர் வகைகளுக்கு 20,000 மணி நேரம் என்று சொல்கிறார்கள். முல்லைத்தீவில் இருப்பவர்களுக்கு அதுவே ஏற்றது.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்ட் நின்றால் பழைய வகை விளக்கு ஆறாமல் சூட்டோடு நின்று கெடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. ஒரு சிறு யு.பி.எஸ். உதவும். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலின்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கடலோர வீடுகளில் உப்புக் காற்றும் சோளகக் காலத்துத் தூசும் கருவிக்குள் போகும். தூசு வடிகட்டியுள்ள கருவியென்றால் அதை மாதமொருமுறை துடைக்க வேண்டும். 300 வாட் கருவி மூன்று மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட். மாதத்துக்கு 27 யூனிட் கூடும்போது பில்லின் படியும் மேலே ஏறிவிடலாம்.

யாருடைய வெளிச்சம்?

சகோதரிகளே! விலையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்து, 2009க்குப் பின் திரும்பி வந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் இரண்டு அறையும் ஒரு ஹோலுமே வீடு. அந்த ஹோலில்தான் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அங்குதான் உம்மா தைக்கிறார், வாப்பும்மா தொழுகிறார். படத்துக்காக அதை இருட்டாக்கினால் இவர்கள் எங்கே போவார்கள்? மச் பார்க்க மகனின் கூட்டாளிமார் வந்து நிறைந்தால் பெண்கள் இரவு பத்து மணிவரை குசினிக்குள் அடைபட்டுக் கிடப்பதா? இதைப் பேசித் தீர்க்காமல் வாங்கும் கருவி வீட்டில் சண்டையைத்தான் கொண்டுவரும். எந்த நாள், எத்தனை மணிவரை என்று வாங்குமுன்னரே வீட்டில் எல்லோரும் கூடி முடிவெடுங்கள். அந்தப் பேச்சில் மகளுக்கும் ஒரு குரல் இருக்கட்டும்.

கடன் எடுத்து வாங்கவே வேண்டாம். வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பட்ட சிறு கடன்களை இரத்துச் செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. வன்னி மாவட்டங்களும் அவற்றுள் அடங்கும். கிழமைக் கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் வேதனையை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஹோலை இருட்டாக்க முடியாத வீட்டுக்கு 43 அங்குல டீவியே மேல். பகலிலும் தெரியும், மின்சாரமும் குறைவு, பக்கத்தில் பிள்ளை விளக்குப் போட்டுப் படிக்கவும் முடியும். இருட்டாக்கக்கூடிய தனி அறையும் கையில் மிச்சப் பணமும் உள்ளவர்கள் மேற்சொன்னவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். உண்மை லூமன் எத்தனை? சொந்தத் தெளிவு என்ன? தாமதம் எவ்வளவு? விளக்கு எந்த வகை? உத்தரவாதம் எழுத்தில் உண்டா? இவற்றுக்கு நேரான பதில் தராத கடையில் பணத்தை எண்ண வேண்டாம்.

வல்ல அல்லாஹ் நம் பொருளிலும் நேரத்திலும் பரக்கத் செய்வானாக!