சொல்லும் பொருளும்: பென்ஸ் காசு

ஹப்புத்தளைக்குக் கீழே, வெல்லவாயப் பாதையில் உள்ள கொஸ்லந்தையிலிருந்து மாணவி ஒருவர் எமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாயி தம் தாயாரின் காலத்தைப் பற்றிப் பேசும்போது, "பென்ஸ் காசுக்காகக் காய்ச்சல்காரியையும் பிரட்டுக்கு இழுத்துக்கொண்டு போவான் கங்காணி" என்று சொல்வாராம். பென்ஸ் காசு என்பது 'பென்சன் காசு' என்பதன் சிதைவு என்று வீட்டிலுள்ள மற்றவர்கள் பொருள் கூறுகிறார்களாம். எது சரி என்பது மாணவியின் கேள்வி.

ஓய்வூதியத்துக்காக எந்தக் கங்காணியும் காய்ச்சல்காரியை இழுத்துப் போக வேண்டியதில்லை. அம்மாயி சரியாகவே சொல்லியிருக்கிறார். அது பென்ஸ் காசேதான்.

பென்ஸ் என்பது பென்னி என்னும் ஆங்கில நாணயத்தின் பன்மை. தமிழர் நாவில் பன்மையே ஒருமையும் ஆகி, போதாதென்று 'காசு' என்ற வாலும் சேர்ந்துகொண்டது. பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங். இருபது சிலிங் ஒரு பவுண். ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்து இலங்கையில் வழங்கிய இறைசால், பணம், துட்டு ஆகியவற்றின் இடத்தில் இந்த ஆங்கிலக் கணக்கை 1825ஆம் ஆண்டில் பிரித்தானியர் புகுத்தினர். அப்போது இறைசால் ஒன்றரைச் சிலிங் என்றும், அதன் பன்னிரண்டில் ஒரு பங்காகிய பணம் ஒன்றரைப் பென்ஸ் என்றும் மதிப்பிடப்பட்டன. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது துரைமாரின் கணக்கேடுகளில் இருந்தவை பவுணும் சிலிங்கும் பென்சுமே.

1872 ஜனவரி முதல் நாள் தொட்டு நூறு சதம் கொண்ட ரூபாய் இலங்கையின் நாணயமாயிற்று. இதில் நாம் சற்றுப் பெருமை கொள்ளலாம். இந்தியா அணாவைக் கைவிட்டது 1957இல்தான். பிரித்தானியாவோ 1971 வரை பன்னிரண்டு பென்சைக் கட்டிக்கொண்டு அழுதது. இரண்டு சிலிங் ஒரு ரூபாய் என்ற கணக்கின்படி ஒரு பென்ஸ் நாலு சதத்துக்குச் சற்று மேல். ஆறு பென்ஸ் சரியாக 25 சதம். எட்டுப் பென்ஸ் 33 சதமும் மூன்றில் ஒரு பங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆணின் நாட்கூலி பல தோட்டங்களில் 33 சதம் என்றிருந்ததைப் படிக்கும் மாணவர்கள், அது எங்கிருந்து வந்த தொகை என்பதை இங்கே காணலாம். எட்டுப் பென்சை 33 சதம் ஆக்கினால் நாளொன்றுக்கு மூன்றிலொரு சதம் உதிர்ந்துவிடும்; முந்நூறு நாள் வேலைக்கு அது ஒரு முழு ரூபாய். மூன்று நாட்கூலிக்குச் சமமான தொகை அது.

நாணயம் போன பின்பும் பென்ஸ் என்ற சொல் தோட்டத்தில் நிலைத்து நின்றதேன்? அது நாணயத்தின் பெயராக இல்லாமல் ஒரு கொடுப்பனவின் பெயராக மாறிவிட்டமையே காரணம்.

விடியற்காலையில் தப்பு ஒலிக்கும். லயத்திலிருந்து ஆட்கள் பிரட்டுக் களத்துக்கு வருவார்கள். கணக்கப்பிள்ளை 'பேர்' பதிவார். தன் கூட்டத்திலிருந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும், அன்றன்றைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தோட்டம் ஒரு சிறு தொகை கொடுத்தது. அதுவே பென்ஸ் காசு. பெரிய கங்காணிக்குத் தன் கீழுள்ள எல்லாத் தலைகளுக்குமாகக் கிடைத்தது தலைக்காசு. தோட்டத்துக்குத் தோட்டம் ஏற்பாடு சிறிது வேறுபட்டாலும், பென்ஸ் காசு பெரும்பாலும் சில்லறைக் கங்காணிக்கு உரியதாயிருந்தது. (சிறிய கங்காணிக்குச் 'சில்லறை' என்று பெயரிட்டவர் யாரோ, பொருத்தமாகவே இட்டிருக்கிறார்.) ஆளொன்றுக்குச் சில சதங்களே, ஆயினும் இருபது முப்பது பேர் இறங்கினால், கங்காணியின் சொந்தக் கூலிக்கு நிகராகவோ மேலாகவோ அது வளர்ந்துவிடும்.

தொழிலாளி வேலைக்கு வராத நாளில் அவருக்குக் கூலி இல்லை. கங்காணிக்கும் அந்தத் தலைக்குரிய சதங்கள் இல்லை. துரைமார் விரும்பியதும் அதுவே. ஆள் குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, சம்பளம் உயர்த்தாமலே ஒருவன் தலையில் கட்டிவிட்டனர். மழையோ, காய்ச்சலோ, பிள்ளை பெற்ற உடம்போ, அவனுடைய கணக்கில் எல்லாம் குறைந்த பென்சுதான். அவன் பெரும்பாலும் அதே ஊரான், உறவினன், மாமன் அல்லது சித்தப்பன் முறையானவன். அந்நியன் இழுத்திருந்தால் அம்மாயியின் தாயார் அதை இத்தனை காலம் நினைவில் வைத்துப் பேத்திவரை வரும்படி சொல்லியிருப்பாரோ என்பது எமக்கு ஐயமே.

இத்துடன் கடனும் சேர்ந்தது. ஊரில் கொடுத்த முன்பணம், வழிச் செலவு, அரிசிக் கணக்கு யாவும் தொழிலாளியின் பேரில் ஏறி நின்றன. கடன் தீராமல் இடம் மாற முடியாதபடி செய்த 'துண்டு' முறையை 1921ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் நாட்கூலி நிருணயிக்கப்பட்டது. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடுத்தமையால் ஆள் கட்டும் தொழில் நின்றது. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தொழிற்சங்கங்கள் தோட்டங்களுக்குள் நுழைந்தன. பெரிய கங்காணியின் கை அதன்பின் ஓங்கவில்லை. இன்று கங்காணி என்பவர் வேலையை மேற்பார்வை செய்யும் ஓர் ஊழியர் மட்டுமே.

எனவே மாணவி தமது குறிப்பேட்டில் இவ்வாறு எழுதிக்கொள்ளலாம்: பென்ஸ் காசு - பெயர்ச்சொல், வேலைக்கு இறங்கிய ஆளொன்றுக்கு, நாளொன்றுக்கு, கங்காணிக்குத் தோட்டம் கொடுத்த தொகை, வழக்கொழிந்தது. 'துண்டு' என்ற சொல்லை அடுத்த கிழமை எடுத்துக்கொள்வோம்.