காத்திருக்கச் சொல்பவர்களுக்கு யார் தேர்வு வைப்பது?

"அவசரப்படாதே தம்பி, கர்த்தருடைய வேளை வரும், காத்திரு." ஊழியத்துக்கு வர விரும்பும் இளைஞரிடம் திருச்சபை சொல்லும் முதல் அறிவுரை இதுதான். சான்றுகளும் உடனே அடுக்கப்படும். மோசே மீதியானில் நாற்பது ஆண்டுகள் ஆடு மேய்த்தார். இயேசு ஏறக்குறைய முப்பது வயது வரை நாசரேத்தில் தச்சராக இருந்தார். புதிதாக வந்தவரைத் தலைமையில் அமர்த்தினால் தலைக்கனம் ஏறிவிடும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் எச்சரிக்கிறது.

இந்த அறிவுரையை நாம் மறுக்கவில்லை. மக்களை வழிநடத்த வருபவருக்கு ஆன்மிகத் தயாரிப்பும் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமை எல்லாரிடமும் ஒரே அளவில் கேட்கப்படுகிறதா, தகுதியை அளக்கும் கோல் யார் கையில் இருக்கிறது என்பவைதான் நம் கேள்விகள்.

தகுதியில்லாத கையில் பொறுப்புப் போனால் என்ன ஆகும் என்று விருதுநகர் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். மருந்து கலக்கும் அறையில் அளவு தெரியாமல் செய்வதும், உராய்வை மறந்து அவசரப்படுவதும் உயிரைக் குடிக்கும். அதனால்தான் பயிற்சி பெற்ற போர்மேன் வேண்டும், ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. ஆனால் உரிமம் ஒருவர் பெயரிலும், அறைகள் உள்குத்தகையில் வேறு பலர் கையிலும் இருக்கும்போது அந்த விதிகள் சுவரில் ஒட்டிய தாளாகிவிடுகின்றன. அங்கே பொறுமை தொழிலாளிக்கு: கூலி உயர்வுக்குக் காத்திரு, இழப்பீட்டுக்குக் காத்திரு, விசாரணை முடியக் காத்திரு. அவசரம் மட்டும் உற்பத்தியைக் கூட்டுபவருக்கு.

தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றைப் படித்தால் பொறுமை அங்கும் இதே முறையில்தான் பங்கிடப்பட்டிருக்கிறது.

ராஜநாயக்கனுக்கு என்ன குறை?

18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி மிஷனில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். பறையர் சமூகத்தில் பிறந்தவர், தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்தவர். கத்தோலிக்கராக இருந்தபோது தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் தானே படித்து, அதனால் உந்தப்பட்டு, தஞ்சைச் சீமைக்குள் சபைகள் உருவாகக் காரணமானார். ஐரோப்பிய மிஷனரிகள் நுழைய முடியாத இடங்களில் அடியும் மிரட்டலும் தாங்கி வேலை செய்தவர் அவர். ஆன்மிகத் தயாரிப்பு என்று எதைச் சொன்னாலும் அது அவரிடம் இருந்தது.

1733இல் இந்தியாவின் முதல் சீர்திருத்தச் சபைக் குருவாக ஆரோன் அருட்பொழிவு பெற்றார். அவர் வேளாளர், அவரும் உழைத்தவர். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ராஜநாயக்கன் பெயரும் மிஷனரிகளின் யோசனையில் இருந்தது. ஆனால் பறையர் ஒருவர் கையால் திருவிருந்து பெற மேல்சாதிக் கிறித்தவர்கள் தயங்குவார்கள், அதனால் திருவிருந்தின் மதிப்பே குறையும் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். 1741இல் இரண்டாவது குருவாகத் தியோகு அருட்பொழிவு பெற்றபோதும் ராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்தார். பல பத்தாண்டுகள் உழைத்த பிறகும் அவர் உபதேசியார்தான்.

இங்கே தயாராகாமல் இருந்தது யார்? ராஜநாயக்கன் தயாராக இருந்தார். அவர் கையிலிருந்து அப்பம் வாங்கச் சபை தயாராகவில்லை. சபையின் தகுதிக் குறைவுக்கான தண்டனையை அவர் அனுபவித்தார். "இன்னும் வேளை வரவில்லை" என்ற சொல்லின் பின்னால் இந்தத் தலைகீழ்க் கணக்கு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் இது கொள்கைச் சண்டையாகவே வெடித்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிற்பாடு லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், சாதி ஒரு சமூக ஏற்பாடு, நற்செய்தி உள்ளே வேலை செய்யச் செய்யக் காலப்போக்கில் தானாக உதிரும், பொறுமை வேண்டும் என்று வாதிட்டார். அந்த மிஷனிலேயே இருந்த கார்ல் ஓக்ஸ் இதை ஏற்கவில்லை. குருவாகப் போகிறவர் முதலில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும், பிறகு அருட்பொழிவு என்பது அவர் நிலை. அது எடுபடவில்லை. அவர் லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறி, மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷன் பணியைத் தொடங்கினார்.

சாதி தானாக உதிரும் என்று கிரவுல் சொல்லி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. விழுப்புரம் வட்டாரத்து எறையூரில், பாகுபாடு தாங்காமல் தனிப் பங்கு கேட்டார்கள் தலித் கத்தோலிக்கர்கள். 2008 மார்ச்சில் அது மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பியிருந்தார்கள். பொறுமையாக இருந்தால் சாதி உதிராது, வேர் பிடிக்கும்.

ஏணியில் ஒரு படி

அச்சங்குளத்துக்கு அருகிலுள்ள சிவகாசியின் கதையையும் மறக்கக்கூடாது. தாமஸ் ராக்லாந்து என்ற கேம்பிரிட்ஜ் பட்டதாரி 1854 முதல் வடதிருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகச் சென்று ஊழியம் செய்தார். பெரிய கட்டடம், பெரிய பதவி எதுவும் தேடாமல் 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். பொறுமைக்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள், நியாயம்தான். ஆனால் அந்தப் பொறுமை அவரே தேர்ந்தெடுத்தது. உன் பிறப்புக்கு இவ்வளவுதான் என்று அவரை யாரும் வாசலில் நிறுத்தவில்லை.

1899இல் அதே சிவகாசியில், கோயில் நுழைவு கேட்ட நாடார்கள் மீது பெரும் தாக்குதல் நடந்தது. "உங்களுக்கு இன்னும் அந்தத் தகுதி இல்லை" என்று அன்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதே சமூகத்தில், வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பட்டமேற்றார். இந்தியர் இன்னும் தயாராகவில்லை, ஓர் இந்தியருக்குக் கீழ் வெள்ளையர் எப்படிப் பணிபுரிவது என்ற முணுமுணுப்புகள் அவருக்கு எதிராக எழுந்தன. மாலா, மாதிகா மக்கள் பெருமளவில் இருந்த தோர்ணக்கல்லில் 1945இல் இறக்கும் வரை அவர் செய்த பணி அந்த முணுமுணுப்புக்குப் பதிலானது. அவர் "தயாராகும்" வரை காத்திருந்திருந்தால் அந்த நாள் வந்தேயிருக்காது.

அன்று வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பல சேகரங்களிலும் திருமண்டலங்களிலும் வாசலில் நிற்பவர்களாக இருக்கிறார்கள். தலித் போதகர் என்றால் முகம் சுளிப்பதும், "நல்ல மனுஷன்தான், ஆனா எங்க சேகரத்துக்குச் சரிப்பட்டு வராது" என்பதும் அங்கே நடக்கின்றன. எந்த ஒரு சமூகத்தையும் தனியாகக் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. அம்பேத்கர் விளக்கிய படிநிலை ஏற்றத்தாழ்வு வேலை செய்யும் முறையே இதுதான்: ஒருபடி ஏறியவர் ஏணியை உடைக்க மாட்டார், கீழ்ப்படியில் நிற்பவரைப் பொறுமையாக இருக்கச் சொல்வார்.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலையும் வேறல்ல. தங்களுக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. சுமார் 1.9 கோடி இந்தியக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும் அது சொன்னது. ஆனால் தலித் ஆயர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022இல் கர்தினாலானார். இந்தியாவின் முதல் தலித் கர்தினால் அவர்தான். அதே ஆண்டு புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குத் தலித் அல்லாத ஒருவர் பேராயராக அறிவிக்கப்பட்டபோது, எங்களில் தகுதியானவர் ஒருவர்கூட இல்லையா என்று கேட்டுத் தலித் கத்தோலிக்கர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தக் கேள்விக்கு இதுவரை நேர்மையான பதில் இல்லை.

அரசும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதித் தகுதியை மதத்தோடு கட்டிப்போட்டது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கட்டு அவிழ்ந்தது. தலித் கிறித்தவரும் தலித் இஸ்லாமியரும் இன்னும் காத்திருக்கிறார்கள். மதத்தை அளவுகோலாக வைக்க வேண்டாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்த பிறகும், 2022இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். சபையும் பொறு என்கிறது, சர்க்காரும் பொறு என்கிறது.

அவசர அபிஷேகம் விடையல்ல

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் தயாரிப்பே வேண்டாம், நாமே சபை தொடங்குவோம்" என்று கிளம்புவது வழியாகாது. மூன்று மாதப் படிப்பு, பெயருக்கு முன்னால் விலைக்கு வாங்கிய டாக்டர் பட்டம், சுவரொட்டியில் அப்போஸ்தலர், தீர்க்கதரிசி என்ற அடைமொழி, மேடையில் ஒளிவெள்ளம். இப்படி உருவாகும் ஊழியங்களில் கணக்கு கேட்க ஆளில்லை, தவறு செய்தால் நிறுத்த அமைப்பில்லை. ஏழைத் தொழிலாளியின் சனிக்கிழமைக் கூலியிலிருந்து வரும் காணிக்கைதான் பல இடங்களில் அதன் முதலீடு. அதற்காகப் பழைய சபைகள் தூய்மையானவை என்றும் சொல்லிவிட முடியாது. தென்னிந்தியத் திருச்சபையின் சினாட் தேர்தல் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பதவிக்கு முந்துகிறவர்களிடம் யாரும் மோசேயின் நாற்பது ஆண்டுகளை நினைவூட்டியதாகத் தெரியவில்லை.

எனவே தயாரிப்பு வேண்டும். அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? பேதுரு போன்ற மூத்த தலைவரையே பவுல் அந்தியோகியாவில் எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததாகக் கலாத்தியர் கடிதம் சொல்கிறது. காரணம் சாப்பாடு. யூதரல்லாதவரோடு உட்கார்ந்து உண்ட பேதுரு, யாக்கோபின் ஆட்கள் வந்ததும் எழுந்து விலகினார். நூற்றாண்டுகள் கழித்து ஓக்ஸ் கேட்டதும் இதையேதான். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த, பரட்டை அண்ணன் என்று மக்கள் அழைத்த தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்துண்பதையே தம் இறையியலின் மையமாக வைத்தார். அந்தக் கல்லூரி மாணவர்களை வளாகத்துக்கு வெளியே சேரியிலும் கிராமத்திலும் தங்கிப் பயில வைத்ததும் அதனால்தான். நாட்டுப்புற இசையில் அவர் அமைத்த வழிபாடு, பறையை வெளியே நிறுத்திய கோவிலுக்குள் அதன் அடியைக் கொண்டுவந்தது.

நாம் கேட்பவை

முதலாவது, குருமாணவராகவோ ஊழியராகவோ விண்ணப்பிப்பவருக்கான அளவுகோல்கள் எழுத்தில் இருக்கட்டும். எத்தனை ஆண்டு, என்ன பயிற்சி, யார் மதிப்பிடுகிறார்கள் என்பது தெரியட்டும். மறுத்தால் காரணமும் எழுத்தில் வரட்டும். "ஆவியானவர் இன்னும் உணர்த்தவில்லை" என்ற ஒற்றை வரியில் ஒரு தலித் இளைஞரின் வாழ்க்கையை முடித்துவைக்கக் கூடாது.

இரண்டாவது, ஒவ்வொரு மறைமாவட்டமும் திருமண்டலமும் தன் குருக்கள், குருமாணவர், பள்ளித் தாளாளர்கள், நிர்வாகக் குழுவினர் ஆகியோரின் சமூகக் கணக்கை வெளியிடட்டும். சாதிவாரிக் கணக்கெடுப்பை அரசிடம் கேட்கும் திருச்சபை அதைத் தன் வீட்டில் தொடங்கலாம்.

மூன்றாவது, தயாரிப்புத் தேர்வு எல்லாருக்கும் பொதுவாகட்டும். வேதாகம மனப்பாடத்தோடு இந்தக் கேள்விகளும் சேரட்டும்: நீ யார் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாய்? சாதி மறுப்புத் திருமணத்தைத் தயங்காமல் நடத்தி வைப்பாயா? கல்லறைச் சுவரை இடிக்கச் சொல்வாயா? ஆலை வெடித்துத் தொழிலாளி மாண்டால், முன்வரிசையில் அமர்ந்து பெரிய காணிக்கை போடும் ஆலை முதலாளியைப் பார்த்து, இது விபத்து மட்டுமல்ல, குற்றம் என்று பிரசங்க மேடையில் சொல்லத் துணிவாயா? பட்டாசு வட்டாரத்தில் ஊழியத் தகுதிக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு கிடையாது.

ஊழியத்துக்கு வர நினைக்கும் இளைய தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படியுங்கள். இறையியலோடு அம்பேத்கரையும், தொழிலாளர் சட்டத்தையும், சபையின் வரவு செலவுக் கணக்கையும் படியுங்கள். உங்களை விட மூத்த உபதேசியார் ஒருவரோடு ஊர் ஊராக நடந்து கற்றுக்கொள்ளுங்கள். பெயருக்கு முன்னால் அடைமொழி போட அவசரம் வேண்டாம். கற்பதற்கு ஆகும் காலத்தை மனமுவந்து கொடுங்கள். உங்கள் பிறப்பைக் காரணம் காட்டி ஒருவர் ஒரு நாள் காத்திருக்கச் சொன்னாலும் அந்த ஒரு நாளைக் கொடுக்காதீர்கள். காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ராஜநாயக்கனுக்குக் கிடைக்காத பதிலை வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.