பட்டுக்கு மேடை; பாட்டுக்குத் தடையா?

பள்ளியில் இசை நாடகம் நடத்தப் பணமில்லை என்கிறார்கள். பந்தலுக்கு இருந்தது பணம். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த இருந்தது பணம். பாட வந்த பிள்ளைக்கு மட்டும் இல்லையாம்! ஆடை வாடகை கட்ட இயலாத ஒரே குற்றத்திற்காக, குரல்வளம் மிக்க கூலித் தொழிலாளியின் மகள் பார்வையாளரோடு அமர்த்தப்பட்டதைக் கண்டோம், வெட்கினோம்.

கலைக்கு முதல் காசா? 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பாலர் நாடகக் குழுவில் மின்னியவர் யார்? செல்வச் சீமான் வீட்டுச் செல்லங்களா? இல்லை, பயிற்சியால் உயர்ந்த சிறுவர்கள்! தெருக்கூத்தைப் பாருங்கள்: இருவர் பிடிக்கும் துணியே திரை, ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமுமே இசைக்குழு, ஒருவரே இரு வேடம் ஏற்பார். ஊரோ விடியும்வரை விழித்திருக்கும்!

ஆறு பிள்ளைகள் நடிக்கட்டும். வகுப்பே பின்பாட்டுப் பாடட்டும். சீருடையே உடை, தோளில் துண்டிட்டால் உழவன், தலையில் காகித முடி சூட்டினால் மன்னன். ஆசிரியர்களாகிய நாம் செலவிட வேண்டியது பணமன்று, மாலைப் பொழுது!

மேடை சிறுக்கலாம், மனம் சிறுக்கலாமா?